போனைக் கணினியாக்கலாமா? முதலில் அந்தச் சின்னத் துளையைப் பாருங்கள்

பெரம்பூரிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார்: "மகள் பி.காம். முதலாண்டு சேர்ந்திருக்கிறாள். லேப்டாப் வாங்க இப்போது கையில் பணம் இல்லை. என்னிடம் இரண்டு வருடம் முன்பு வாங்கிய சாம்சங் போன் இருக்கிறது. வீட்டில் 32 அங்குல டிவி இருக்கிறது. போனை டிவியில் இணைத்து, கீபோர்டும் மவுஸும் மாட்டினால் கம்ப்யூட்டர் போலவே வேலை செய்யும் என்கிறார்கள். உண்மையா? அதை நம்பி லேப்டாப் வாங்காமல் இருக்கலாமா?"

முதல் கேள்விக்குப் பதில், உண்மைதான். சென்னையில் மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கடை வரவு செலவு, ரசீது, கடிதப் போக்குவரத்து எல்லாவற்றையும் மூன்று வருடமாக மானிட்டரில் இணைத்த போனில்தான் பார்த்து வருகிறேன். இரண்டாவது கேள்விக்கு அவ்வளவு எளிதாகப் பதில் சொல்லிவிட முடியாது. உங்கள் போன் எந்த மாதிரி, அது பகலில் யார் கையில் இருக்கும், மகளுக்குக் கல்லூரியில் என்ன வேலை வரும் என்ற மூன்றையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் போன். சார்ஜர் செருகும் டைப்-சி துளைக்குள் 24 முனைகள் உண்டு. சார்ஜ் ஏற்றவும் சாதாரண வேகத்தில் கோப்புகளை அனுப்பவும் அவற்றில் சில போதும். படத்தை வெளியே அனுப்புவதற்கு வேகக் கம்பிகள் நான்கு ஜோடி தனியாக இருக்கின்றன. டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் என்ற ஏற்பாடு அந்த ஜோடிகளின் வழியாகத்தான் காட்சியை டிவிக்கோ மானிட்டருக்கோ கொண்டுபோகிறது. விலை குறைந்த போன்களிலும், நடுத்தர விலைப் போன்களில் பெரும்பாலானவற்றிலும், வெளியிலிருந்து பார்த்தால் துளை அப்படியேதான் இருக்கும். உள்ளே அந்த ஜோடிகளை இணைத்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட போனுக்கு எவ்வளவு உயர்ந்த கேபிள் வாங்கினாலும் திரையில் படம் வராது. வாரத்தில் இரண்டு மூன்று பேராவது புத்தம் புதிய அடாப்டரைக் கொண்டுவந்து "இது ஓடவில்லை" என்று என் மேசையில் வைக்கிறார்கள். அடாப்டரில் ஒரு குறையும் இருக்காது. போனில் வழி இருக்காது.

சாம்சங்கைப் பொறுத்தவரை எஸ் வரிசை, பழைய நோட் வரிசை, மடக்கும் ஃபோல்டு, டேப் எஸ் வரிசை ஆகியவற்றில் இந்த வசதி இருக்கிறது. அப்படி வெளித் திரையில் கணினி முகப்பைக் காட்டும் சாம்சங்கின் ஏற்பாட்டுக்கு டெக்ஸ் என்று பெயர். ஏ, எம், எஃப் வரிசைகளில் ஏறக்குறைய எதிலும் கிடையாது. நம் ஊரில் அதிகம் விற்பது இந்த மூன்று வரிசைகள்தான் என்பதால் உங்கள் போனும் அவற்றில் ஒன்றாக இருக்கலாம் என்ற கவலை எனக்கு இருக்கிறது. செட்டிங்ஸ் பகுதியில் இணைப்புச் சாதனங்கள் என்ற இடத்தில் டெக்ஸ் என்ற சொல் தென்படுகிறதா என்று இன்றிரவே பாருங்கள். மற்ற நிறுவனங்களில் மோட்டோரோலாவின் எட்ஜ் வரிசைப் போன்கள் சிலவற்றிலும், கூகுளின் பிக்சல் 8 முதலான போன்களிலும் படம் வெளியே போகும். ஐபோன் 15 முதல் டைப்-சி வழியாகப் படம் வரும். ஆனால் போன் திரையில் இருப்பதை அப்படியே பெரிதாக்கிக் காட்டுமே தவிர, ஜன்னல் ஜன்னலாகத் திறந்து வேலை செய்யும் கணினி முகப்பு அதில் இல்லை.

கடைகளில் "இது எல்லா போனுக்கும் ஓடும்" என்று ஒரு அடாப்டரை நீட்டுவார்கள். அதில் டிஸ்ப்ளேலிங்க் போன்ற ஒரு சிப் இருக்கும். செயலி ஒன்றை நிறுவினால், சாதாரண டேட்டா வழியாகவே படத்தைச் சுருக்கி அனுப்பிக் காட்டும். திருமணப் புகைப்படங்களை டிவியில் காட்ட அது போதும். எழுத்து வேலைக்கு உதவாது. போன் திரையின் நகல்தான் வரும், விசையை அழுத்தினால் எழுத்து சற்றுத் தாமதித்து விழும். கம்பியில்லாமல் டிவிக்கு அனுப்பும் மிராகாஸ்ட் முறையிலும் இதே சிக்கல்தான். பத்து வீட்டு வைஃபை ஒன்றோடொன்று மோதும் அடுக்குமாடிக் குடியிருப்பில் மவுஸை நகர்த்தினால் அம்பு பின்னாலேயே இழுபட்டு வரும். உயர்ந்த சாம்சங் போன்களில் கம்பியில்லா டெக்ஸ் 2020ல் நோட் 20-இலிருந்து இருக்கிறது. வகுப்பில் ஒரு விளக்கப்படம் காட்ட நல்லது. தினமும் இரண்டு மணி நேரம் தட்டச்சு செய்ய நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்த யோசனை புதிதில்லை. 2011லேயே மோட்டோரோலா, ஏட்ரிக்ஸ் என்ற போனையும், அதை முதுகில் செருகிக்கொள்ளும் வெற்று லேப்டாப் போன்ற ஒரு கூட்டையும் விற்றது. உள்ளே இருந்த நினைவகம் 1 ஜி.பி. மட்டுமே, உலாவி ஒன்றைத் திறந்தாலே திணறும். 2015ல் மைக்ரோசாஃப்ட் லூமியா 950 போனில் கன்டினியம் என்று கொண்டுவந்தது. முகப்பு விண்டோஸ் போலவே இருந்தது, ஆனால் சாதாரண விண்டோஸ் மென்பொருள் எதுவும் அதில் ஓடவில்லை. 2017ல் கேலக்ஸி எஸ்8 போனுடன் டெக்ஸ் வந்தது. முதலில் அதற்கென்று தனி மேடை வாங்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு நோட் 9 வந்தபோது சாதாரண ஹெச்.டி.எம்.ஐ. அடாப்டரே போதும் என்றானது. 2025ல் கூகுள், சாம்சங்கோடு சேர்ந்து இந்தக் கணினி முகப்பை ஆண்ட்ராய்டுக்குள்ளேயே கொண்டுவரத் தொடங்கியது. இன்றைய உயர்விலைப் போனின் பிராசசரும் 8 ஜி.பி. நினைவகமும் அலுவலக வேலைக்குத் தாராளம். அலுவலக வேலையில் பெரும்பங்கு உலாவிக்குள் போய்விட்டதும் சேர்ந்துகொண்டது. அதனால்தான் அன்று தோற்ற யோசனை இன்று நிற்கிறது.

போன் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து திரை. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 32 அங்குல டிவிகளில் பெரும்பாலானவை ஹெச்.டி. ரெடி வகை, அதாவது குறுக்கே 1366, நெடுக்கே 768 புள்ளிகள். கணக்குப் போட்டால் ஓர் அங்குலத்துக்கு 49 புள்ளிகள் வரும். 24 அங்குல முழு ஹெச்.டி. மானிட்டரில் 1920-க்கு 1080, அங்குலத்துக்கு 92. எட்டடி தள்ளி உட்கார்ந்து சினிமா பார்க்கும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. இரண்டடி தூரத்தில் எழுத்தைப் படிக்கும்போது பளிச்சென்று தெரியும்.

தமிழ் எழுத்துக்கு இது இன்னும் கடுமை. கடையில் ஒரே தமிழ்ப் பக்கத்தை இரண்டு திரைகளிலும் போட்டுப் பார்த்திருக்கிறேன். டிவியில் "ஞ்" எழுத்தின் தலையில் இருக்க வேண்டிய புள்ளி, எழுத்தின் சுழியோடு ஒட்டிக்கொண்டு ஒரு கறையாகத் தெரிந்தது. "ணை" எழுத்தின் சுழிகள் எத்தனை என்று எண்ண முடியவில்லை. மானிட்டரில் புள்ளி தனியாக, வட்டமாக நின்றது. ஒரு பெண் மூன்று வருடம் பாடம் படிக்கப்போகும் திரை என்றால், கையிலிருக்கும் பணத்தை முதலில் மானிட்டரில் போடுங்கள் என்பேன். முழு ஹெச்.டி.யும் ஹெச்.டி.எம்.ஐ. துளையும் உள்ள 22 அல்லது 24 அங்குலப் பழைய மானிட்டர் போதும். நாளைக்கு லேப்டாப் வாங்கினாலும் அந்த மானிட்டர் வீணாகாது, அதிலேயே இணைத்துக்கொள்ளலாம்.

இப்போதைக்கு டிவிதான் என்றால் சில மாற்றங்களைச் செய்யுங்கள். படத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டால் டிவியின் பட அமைப்பில் ஜஸ்ட் ஸ்கேன் அல்லது ஸ்கிரீன் ஃபிட் என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஹெச்.டி.எம்.ஐ. உள்ளீட்டின் பெயரை பி.சி. என்று மாற்ற வசதி இருந்தால் மாற்றுங்கள். பல டிவிகளில் அப்போதுதான் வண்ண எழுத்துகளின் விளிம்பு தெளியும். கேம் மோட் இருந்தால் அதையும் போடுங்கள், மவுஸின் தாமதம் குறையும். உங்களுக்குப் பொருந்தாது என்றாலும் கடைக்கு வருகிறவர்கள் கேட்பதால் சொல்கிறேன்: 2006 முதல் தமிழக அரசு இலவசமாக வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிகள் சில வீடுகளில் இன்னும் ஓடுகின்றன. அவற்றில் ஹெச்.டி.எம்.ஐ. கிடையாது. கன்வெர்ட்டர் போட்டுப் படம் வரவைத்தாலும் எழுத்தைப் படிக்க முடியாது.

தட்டச்சுக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் சிக்கல் இல்லை. கீபோர்டைச் செருகியதும் ஓடும். தமிழில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். போன் திரையில் விரலால் "அம்மா" என்று அழகாக அடித்துத்தரும் செயலி, வெளி கீபோர்டு மாட்டியதும் ஆங்கில எழுத்தை மட்டும் போட்டுக்கொண்டு நிற்கும். கீமேன் என்ற இலவசச் செயலி வெளி கீபோர்டை ஏற்கும். அதில் தமிழ்99 அமைப்பையும் இறக்கிக்கொள்ளலாம். தமிழ்99 என்பது 1999ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை அமைப்பு. உயிரெழுத்துகள் இடது கையிலும் மெய்கள் வலது கையிலும் வரும். இருபது நாள் பொறுமையாகப் பழகினால் வேகம் கைக்கு வந்துவிடும். உங்கள் மகள் இப்போதே கற்றுக்கொள்வது நல்லது. முழு அளவு கீபோர்டில் பத்து விரல்களால் அடிக்கும் பழக்கம் போன் திரையில் ஒருநாளும் வராது. பி.காம். முடித்து எந்த அலுவலகத்தில் உட்கார்ந்தாலும் முதல் நாளே கேட்கப்படும் திறமை அது.

பி.காம். என்பதால் பாட வேலையையும் யோசித்தேன். கட்டுரை எழுதுவது, பி.டி.எஃப். படிப்பது, இணைய வகுப்பு கேட்பது, சாதாரண எக்செல் அட்டவணை, விளக்கப்படம் தயாரிப்பது இவை எல்லாம் டெக்ஸில் சுகமாக நடக்கும். ஒரு பக்கம் பாடக்குறிப்பு, இன்னொரு பக்கம் எழுதும் ஜன்னல் என்று வைத்துக்கொள்ளலாம். உலாவியில் சில தளங்கள் கைபேசி வடிவத்தைக் காட்டி அடம்பிடித்தால் "டெஸ்க்டாப் தளம்" என்பதைத் தட்டிவிடுங்கள்.

நடக்காதவற்றையும் மறைக்கக்கூடாது. கணக்கு எழுதப் பயன்படும் டேலி விண்டோஸுக்கான மென்பொருள். போனில் நிறுவ முடியாது. எக்செலின் மேக்ரோக்கள், அதாவது வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்கள், ஆண்ட்ராய்டு எக்செலில் இயங்காது. கணக்காளர்கள் ஜி.எஸ்.டி. தாக்கலுக்கு யு.எஸ்.பி. டோக்கனில் வைத்திருக்கும் டிஜிட்டல் கையொப்பத்தையும் போனில் செருகிக் கையெழுத்துப் போட முடியாது. அதற்கான மென்பொருளும் கணினியைத்தான் கேட்கும். கல்லூரி ஆய்வகத்திலோ உறவினர் அலுவலகத்திலோ ஒரு விண்டோஸ் கணினி இருந்து, அவர்கள் அனுமதித்தால், ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வீட்டிலிருந்தே அதைத் திறந்து டேலி பழகலாம். இணையம் நன்றாக இருந்தால் கை வேகத்துக்குப் பெரிய குறை வராது. முதலாண்டில் டேலி எந்த அளவுக்கு வருகிறது என்று பாடத்திட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். டேலியை வீட்டில் தினமும் பழகியே ஆக வேண்டும் என்றால், என் பதில் மாறுகிறது: பழைய லேப்டாப் ஒன்றுக்குப் பணம் சேருங்கள்.

இதுவரை சொன்னதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அந்தப் போன் உங்களுடையது. நீங்கள் காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பினால் வீட்டுக் கணினியும் உங்கள் சட்டைப் பையில் ஏறிக் கிளம்பிவிடும். மாலை நீங்கள் வந்தபிறகு அவள் கட்டுரையின் நடுவில் இருக்கும்போது உங்களுக்கு அழைப்பு வரும். கம்பியோடு போனை எடுத்துக் காதில் வைப்பீர்கள், இணைப்பு ஆடி, திரை அணையும். வங்கிக் குறுஞ்செய்தியும் ஓ.டி.பி.யும் பெரிய திரையில் எல்லோரும் பார்க்க விழும். புளூடூத் இயர்போனும் 'தொந்தரவு செய்ய வேண்டாம்' அமைப்பும் இவற்றில் சிலவற்றைச் சமாளிக்கும். ஆனால் போன் பகலில் வீட்டில் இருக்காது என்பதை எந்த அமைப்பாலும் மாற்ற முடியாது. படிக்கும் பிள்ளைக்கு அப்பா வரும்வரை காத்திருக்கும் கணினி என்பது பெரிய குறை.

அதனால் உங்களுக்கு நான் சொல்லும் வழி வேறு. திரை உடைந்த பழைய எஸ் வரிசைப் போன் அல்லது நோட் போன் ஒன்றைத் தேடுங்கள். நோட் 9, எஸ்10 போன்றவை எத்தனையோ வீட்டு இழுப்பறைகளில் கண்ணாடி நொறுங்கிக் கிடக்கின்றன. திரை மாற்றும் செலவு போனின் மதிப்பையே தாண்டுவதால் அவற்றை யாரும் பழுது பார்ப்பதில்லை. உறவினர்களிடம் கேட்டால் சும்மாவே கிடைக்கக்கூடும். டெக்ஸுக்கு அந்தத் திரை தேவையே இல்லை. ஒரே டைப்-சி துளையில் பல கருவிகளை இணைக்கும் ஹப் என்ற பெட்டி வழியாக மவுஸும் கீபோர்டும் மாட்டி, பின் எண்ணைக் கீபோர்டிலேயே அடித்துத் திறக்கலாம். என் கடை மேசையில் மூன்று வருடமாக ஓடுவது அப்படிப்பட்ட ஒன்றுதான். ஒரு ஓரத்தில் கண்ணாடி பெயர்ந்து, தொட்டால் விரலில் குத்தும் போன். அதன்மேல் பட்டையாக டேப் ஒட்டி மானிட்டரின் அடியில் வைத்திருக்கிறேன். சிம் போடவில்லை, வைஃபை மட்டும். மகளுக்கு அப்படி ஒன்று அமைந்தால் பகல் முழுவதும் அவளுடையது.

அதில் இரண்டு எச்சரிக்கைகள். அந்தக் காலத்துப் போன்களுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டன. அவற்றில் வங்கி வேலையோ பணப் பரிமாற்றமோ செய்ய வேண்டாம். நான் இரண்டையும் என் கைப்போனில்தான் செய்கிறேன். அடுத்து பேட்டரி. நாள் முழுவதும் சார்ஜில் கிடக்கும் பேட்டரி ஒரு நாள் உப்பும். பின்பக்க மூடி சற்றே தூக்கிக்கொண்டு, விளிம்பில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தால் அந்த நிமிடமே பிடுங்கிவிடுங்கள். அழுத்தி மூடப் பார்க்காதீர்கள். 80 அல்லது 85 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் அமைப்பு இருக்கும் போன் என்றால் அதைப் போட்டுவையுங்கள். இல்லையென்றால் வேலை முடிந்ததும் சார்ஜரைக் கழற்றிவிடுவதே நல்ல பழக்கம்.

வெயிலையும் மறக்காதீர்கள். படத்தை வெளியே அனுப்பிக்கொண்டே சார்ஜும் ஏறும்போது போன் சூடாகும், ஹப்பும் சூடாகும். அக்னி நட்சத்திர நாட்களில் நம் ஊர் அறைகளில் அது எல்லையைத் தொட்டுவிடும். போன் தானாக வேகத்தைக் குறைக்கும், சார்ஜை நிறுத்தும். கவரைக் கழற்றி, டிவியின் பின்னால் ஒளித்து வைக்காமல், மின்விசிறிக் காற்று படும் இடத்தில் தரை ஓட்டின்மேலோ உலோகத் தட்டின்மேலோ வையுங்கள். மின்வெட்டு நேரத்தில் இந்த ஏற்பாடு கைகொடுக்கும். 22 அங்குல எல்.இ.டி. மானிட்டரும் போனும் சேர்ந்து சுமார் 30 வாட் எடுக்கும். பழைய கூரை மின்விசிறி எடுப்பதில் பாதிகூட இல்லை. வீட்டு இன்வெர்ட்டர் தாராளமாகத் தாங்கும்.

வாங்க வேண்டியது ஒரே ஒரு ஹப். ஹெச்.டி.எம்.ஐ., இரண்டு சாதாரண யு.எஸ்.பி. துளைகள், சார்ஜர் செருகும் டைப்-சி துளை, இவை இருக்க வேண்டும். சார்ஜர் துளையில் பவர் டெலிவரி, அதாவது படம் ஓடும்போதே போனுக்குச் சார்ஜ் ஏற்றும் வசதி, இல்லாத மலிவான அடாப்டர் வாங்கினால், இரண்டு மணி நேரத்தில் போன் சார்ஜ் கரைந்து வேலை நின்றுபோகும். 4கே என்று பெரிதாக எழுதியிருப்பதைப் பார்த்து அதிகப் பணம் கொடுக்க வேண்டாம். உங்களுக்குத் தேவை 1080 புள்ளிகள், நொடிக்கு 60 முறை.

சென்ற மாதம் ஒருவர் ஹப்பைத் திருப்பித் தர வேண்டும் என்று கோபமாக வந்தார். படம் வரும், கை பட்டால் போகும் என்றார். அவர் போனின் துளையை விளக்குக்கு எதிரே சாய்த்துப் பார்த்தேன். காற்சட்டைப் பையின் நூல் துணுக்கும் தூசியும் அழுந்தி, அடியில் சாம்பல் நிறக் கம்பளம்போலப் படிந்திருந்தது. போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் ஓரமாகச் சுரண்டி எடுத்தேன். பிளக் "டக்" என்று முழுவதும் உள்ளே இறங்கியது, அதன்பிறகு கை பட்டாலும் படம் போகவில்லை. சார்ஜுக்குப் பாதி இறங்கினாலே போதும், படத்துக்குப் போதாது. ஊசியோ ஊக்கோ போடாதீர்கள், முனைகள் வளைந்துவிடும்.

ரிச்சி தெருவுக்கு வருவதென்றால் பெரம்பூரிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து, அங்கிருந்து மெட்ரோவில் ஒரே நிறுத்தம், அரசினர் தோட்டம், மீதி நடை. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், வார நாளில் காலையில் வாருங்கள். போனையும் அதன் சார்ஜரையும் கையோடு கொண்டுவாருங்கள், முடிந்தால் மகளையும் அழைத்து வாருங்கள். எந்தக் கடையாக இருந்தாலும் பணம் கொடுக்கும் முன் ஹப்பை உங்கள் போனில் செருகி, அங்கே ஓடிக்கொண்டிருக்கும் மானிட்டரில் படத்தை வரவைத்துக் காட்டச் சொல்லுங்கள். சார்ஜரையும் சேர்த்துச் செருகி, ஏறுகிறதா என்று பாருங்கள். பிறகு மகளைக் கீபோர்டின் முன் உட்காரவைத்துப் பத்து வரி அடிக்கச் சொல்லுங்கள்.